ஏழாவது ஒல்லாந்துக் காசு

கட்டுப்பல்லுக்கு அளவெடுக்கும்போது பெரும்பாலானவர்கள் மூக்கால் மூச்சு விட மறந்துபோகிறார்கள். வாய் நிறைய மெழுகுத் தட்டு இருக்கும். பயத்தில் தொண்டையை இறுக்கிக்கொள்வார்கள். அதனால் நான் ஏதாவது கதைத்துக்கொண்டே இருப்பேன். மழை, மீன், பிள்ளைகளின் படிப்பு. கதை கேட்கிற ஆள் மூச்சை மறக்கமாட்டார். மட்டக்களப்பு நகரத்தில் பல காலமாக எனக்கு இதுதான் தொழில். பல்லு மாஸ்டர் அருமைநாயகம் என்றால் உங்கள் வாசலில் நிற்கிற காவலாளிக்கும் தெரியும். அவருடைய தாயாருக்கு நான்தான் கட்டினேன்.

என் தங்கை இரத்தினம்மா சொன்னதோடு ஏதாவது சேர்த்துச் சொல்ல இருக்கிறதா என்று கேட்டீர்கள், ஐயா. இருக்கிறது.

அவள் வெளியே வாங்குப் பலகையில் இருக்கிறாள். உங்களுடையதைப் போல, காணாமல்போன பிள்ளைகளை விசாரிக்கிற இடம் எதையும் அவள் விட்டதில்லை. எல்லா இடத்துக்கும் நான்தான் கூட்டிக்கொண்டு போவேன். இன்று காலை அவள் உங்களிடம் சொன்னதை நானும் பக்கத்தில் இருந்து கேட்டேன். மகள் விதுர்ஷாவைப் பிடித்துக்கொண்டு போனார்கள், தாலி பித்தளையாக இருந்ததால்தான் போனார்கள், தங்கக் காசை எடுத்துக்கொண்டு பித்தளையைக் கொடுத்தவர் ஏறாவூர் நகைக்கடை அப்துல் மஜீத் என்று சொன்னாள். நீங்கள் அந்தப் பெயரைக் குறித்துக்கொண்டு, அவரையும் அழைப்போம் என்றீர்கள். அவர் இப்போது வயதாளி. ஒரு கண் தெரியாது. அழைத்தால் வருவார். ஆனால் உங்களிடம் ஒன்றும் சொல்லமாட்டார். அதனால் நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

எனக்குக் குடி இல்லை, சீட்டு இல்லை. பழைய தங்கக் காசு சேர்ப்பேன், அவ்வளவுதான். பல் கட்டுகிறவனிடம் ஆட்கள் வீட்டிலுள்ள உடைந்த தங்கத்தைக் கொண்டு வருவார்கள், உருக்கிப் பல்லுக்கு உறை போடச் சொல்லி. அப்படி ஒரு பெரியவர் கொண்டு வந்தது டச்சுக்காரரான ஒல்லாந்தர் காலத்துக் காசு. கவசம் போட்ட ஒரு வீரன் நிற்கிறான். ஒரு கையில் வாள், மறு கையில் ஒரு கட்டு அம்பு. அதை உருக்க எனக்குக் கை வரவில்லை. வேறு தங்கத்தில் அவருக்குப் பல் செய்து கொடுத்துவிட்டு அதை வைத்துக்கொண்டேன். அதிலிருந்து தொடங்கியது.

ஒல்லாந்து அந்த நாளில் ஏழு மாகாணமாக இருந்தது. எல்லாக் காசிலும் வீரன் ஒருவன்தான். ஆனால் ஒவ்வொரு மாகாணமும் தன் பெயரின் சில எழுத்துகளைக் காசைச் சுற்றி அடித்தது. ஏழும் ஒரே ஆளிடம் இருப்பது மிகவும் அரிது. ஆறு எனக்குக் கிடைத்தன. காத்தான்குடியில் ஒன்று, பாசிக்குடாவுக்கு வந்த ஒரு வெள்ளைக்காரரிடம் ஒன்று, வயல் உழும்போது கண்டெடுத்தவர்களிடம் மற்றவை. ஏழாவது எங்கே இருக்கிறதென்று தேட வேண்டியிருக்கவில்லை. அது என் தாயின் தகரப் பெட்டிக்குள் இருந்தது. தேய்மானம் இல்லாத, துளை விழாத காசு. அதைப் போல ஒன்றை நான் வேறெங்கும் கண்டதில்லை.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். வீடும் வளவும் நகையும் பெண்பிள்ளைக்கு. தாயிடமிருந்து மகளுக்கு, அவளிடமிருந்து அவள் மகளுக்கு. ஆண்பிள்ளை கலியாணம் முடித்து மனைவியின் வீட்டுக்குப் போகிறவன். நான் குறை சொல்லவில்லை. நானும் அப்படித்தான் மனைவியின் வீட்டில் இருந்தேன். பிள்ளை இல்லாமலே அவள் போய்ச் சேர்ந்தாள். அம்மா சாகக் கிடந்தபோது காசை இரத்தினம்மாவின் கையில் வைத்தா.

"அண்ணனுக்கு அதில சரியான ஆசை, அம்மா" என்றாள் இரத்தினம்மா.

"ஆம்பிளைக்கு அது என்னத்துக்கு? பொம்பிளப் பிள்ளையோட போற சாமான் அது."

அது எந்த மாகாணம், எந்த ஆண்டு என்று அந்த வீட்டில் அறிந்தவன் நான் ஒருவன்தான். அதையும் அம்மாவிடம் சொன்னேன். "அறிஞ்சதுக்கு என்ன, பாத்துக்கொண்டிரு" என்றா. பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தங்கை வீட்டுக்குப் போகும்போதெல்லாம் கேட்டு வாங்கிப் பார்ப்பேன். விதுர்ஷா அப்போது சின்னப்பிள்ளை. காசிலுள்ள வீரனுக்குத் தொப்பி மாமா என்று பெயர் வைத்திருந்தாள். நான் பல்லு மாமா. "பல்லு மாமா வந்திட்டார், தொப்பி மாமாவ எடுங்கம்மா" என்று கத்துவாள். அந்தப் பிள்ளையை நான் தூக்கி வளர்த்தேன் என்று சொன்னால் யாரும் மறுக்கமாட்டார்கள்.

தங்கையின் வீடு நாவலடியில் இருந்தது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஆறு. வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்லுவோம். நடுவே ஒடுங்கிய மணல். சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை அவள் புருசன் கோணாமலை மனைவியையும் மகளையும் தோணியில் ஏற்றி ஆற்றுக்குள் தள்ளிவிட்டான். அவனும் ஏறியிருக்கலாம். ஏறவில்லை. திரும்பி வீட்டுக்குள் ஓடினான். காசை எடுக்கத்தான் ஓடினான். அது எவ்வளவு அருமையான பொருள் என்று அவனுக்கு ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். அவன் நல்ல மனிதன், சொன்னதை நம்புவான்.

அவர்களை அகதிகள் இருந்த ஒரு பாடசாலையில் கண்டேன். இரத்தினம்மாவின் தலை நிறைய மணல். பெரியபிள்ளையாகிவிட்ட விதுர்ஷா என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முதலில் அவளை அணைத்துக்கொண்டேன். அதற்கடுத்து நான் கேட்டது காசைப் பற்றித்தான். எல்லாம் போன பிறகு மிஞ்சியதை விசாரிப்பது இயல்பு. அதை இன்றைக்கும் நான் பிழையாக நினைக்கவில்லை. ஆற்றங்கரைச் சதுப்பில் நிற்கிற கண்ணா மரங்களுக்குள் கோணாமலையின் உடலை எடுத்தபோது உடுத்திருந்த சாரத்தின் முடிச்சுக்குள் காசு இருந்தது. வீரனுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

வீடு போனதால் தாயும் மகளும் ஆற்றுக்கு மேற்கே, படுவான்கரைக்குப் போனார்கள். மண்டூருக்கு அங்கால், அம்மா வழியில் வந்த வயல் வட்டையில் ஒரு குடில் போட்டார்கள். அந்தக் கரையில் அப்போது ஆட்சி வேறு ஆட்களுடையது. பெயர் சொல்லத் தேவையில்லை. துப்பாக்கி தூக்க வீட்டுக்கு ஒரு பிள்ளை என்று கேட்டு வருவார்கள். கலியாணம் முடித்த பெண்ணை மட்டும் விட்டுவிடுவார்கள். அதனால் அந்த வருடம் படுவான்கரையில் நடந்தது போல அத்தனை கலியாணம் எந்த வருடத்திலும் நடந்திருக்காது. பள்ளிக்கூடச் சட்டை மாற்றாத பிள்ளைகளின் கழுத்தில் மஞ்சள் கயிறு ஏறியது. விதுர்ஷாவுக்கும் பேசினார்கள். பக்கத்து வயல்காரரின் மகன் நிலோஜன், உழவு மெசின் ஓட்டுகிறவன்.

தாலி மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவர வேண்டியது. அவர்களிடம் ஒன்றும் இல்லை. இரத்தினம்மா காசைக் கொண்டு வந்து என் மேசையில் வைத்தாள்.

"அண்ணன், இதில ஒரு ஓட்டை போட்டுக் குடுங்க. கயித்தில கோத்துக் கட்டுவம்."

"ஓட்டையா?"

"பின்ன எப்பிடிக் கட்டுற? அவர் உசிரக் குடுத்து எடுத்த காசு. என்ட பிள்ளைட கழுத்தில கிடக்கட்டும்."

ஐயா, நீங்கள் காசு சேர்ப்பவராக இருந்தால் இந்த இடத்தில் உங்களுக்கு விளக்கம் தேவைப்படாது. சரியாக வீரனின் தலைக்கு மேலே துளை விழும். இருநூறு வருடத்துக்கு மேல் யாரும் செய்யாததை, ஆள்பிடிக்கிறவர்களுக்குக் காட்டுவதற்காக நடக்கும் ஒரு கலியாணத்துக்காக நான் செய்ய வேண்டும். அமைதியாக யோசித்துப் பார்த்தேன். நாடகக் கலியாணத்துக்கு நாடகக் காசு போதும். ஆள்பிடிக்கிற கரைச்சல் முடிந்ததும் உண்மையானதைத் தங்கையிடம் திருப்பிக் கொடுக்கலாம். யாருக்கும் நட்டமில்லை. அப்படித்தான் நினைத்தேன்.

என் தொழிலே அச்செடுப்பதுதானே. இரண்டு பக்கமும் பசையில் பதித்து, மெழுகு வார்த்து, அதைச் சுட்டு, உலோகத்தை ஊற்றினேன். தங்கப் பல்லுக்கு வசதியில்லாதவர்களுக்குப் போடும் மஞ்சள் உலோகம் ஒன்று இருக்கிறது. செம்பு கூடின கலவை. வீரனின் முழங்கால் மடிப்புக்கூட அப்படியே வந்தது. நிறம்தான் கொஞ்சம் சிவப்பு. ஏறாவூருக்குக் கொண்டு போய் மஜீத் நானாவிடம் முலாம் போடக் கொடுத்தேன்.

"என்ன மாஸ்டர், மனிசன்ட பல்லு முடிஞ்சு இப்ப காசுக்கும் உறை போடத் தொடங்கிட்டீங்களோ?" என்று சிரித்தார்.

"கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைக்க, நானா. அசலைப் பூட்டி வைச்சிட்டு."

"அப்ப சரி. மெல்லிசாத்தான் போடுறன். மேலுல வேர்வை பட்டா நிக்காது, இப்பவே சொல்லிட்டன்."

அந்தப் போலியில் நானே துளை போட்டேன். நிலோஜன் அதைக் கட்டினான்.

கலியாணத்துக்குப் பிறகு ஒருநாள் படுவான்கரைக்குப் போயிருந்தேன். குடிலுக்கு வெளியே அடுப்பு மூட்டி நிலோஜன் சோறாக்கிக்கொண்டிருந்தான். விதுர்ஷா பக்கத்தில் குந்தியிருந்து அவனுக்கு வேலை சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இவர் உப்புப் போட மறந்திருவார் மாமா. மெசினுக்கு எண்ணெய் விடுறது மட்டும் மறக்காது."

"மெசின் வாய் திறந்து கதைக்காதே, மாமா. அதான் அதில பாசம்" என்றான் நிலோஜன்.

அவள் ஈரக் கையால் அவன் முதுகில் அடித்தாள். அவன் திரும்பிப் பார்த்த பார்வையை நான் கண்டேன். அது நாடகம் இல்லை என்று அந்த இடத்தில் எனக்கு விளங்கியது. நாடகக் கலியாணம் என்ற என் கணக்கு பிழைத்துவிட்டது. ஆனால் அதற்குள் தாலி கட்டியாகிவிட்டது. கட்டின தாலியை அவிழ்த்து மாற்றச் சொல்வது நல்லதல்ல என்று நினைத்துக்கொண்டேன்.

சில மாதம் கழித்து அவள் பாதையில் ஏறி ஆற்றைத் தாண்டி, பஸ் பிடித்து என் கடைக்கு வந்தாள். பாதை என்றால் ஆட்களையும் சைக்கிளையும் ஏற்றும் எங்கள் மிதவை. வந்தவள் கதவைச் சாத்திவிட்டுக் கயிற்றை வெளியே எடுத்துக் காட்டினாள். வயலும் வேர்வையும் மஞ்சளும் பட்டு முலாம் போய்விட்டது. தொப்பி மாமாவின் முகம் கறுத்திருந்தது. அவள் தொண்டைக்குழிக்குக் கீழே தோலில் பச்சையாக ஒரு வட்டம்.

"இது ஏன் மாமா இப்பிடிக் கறுக்குது? தங்கம் கறுக்குமா?"

"ஒல்லாந்தன்ட காசு அப்பிடித்தான் மகள். செம்பு கூடப் போட்டிரிக்கான்."

"உண்மையாவா?"

"புளியும் சாம்பலும் போட்டுத் தேய். சரியாயிரும்."

தேய்த்தால் மிச்சமிருக்கிற முலாமும் போய்விடும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் ஏதாவது ஒன்றைச் சொல்லத்தானே வேண்டும்.

கதிரையில் இருந்தபடி அவள் இன்னொன்றும் சொன்னாள். "அங்க இப்ப தாலியக் கத்தி நுனியால சுரண்டிப் பாக்காங்களாம் மாமா. கடையில வாங்கின பித்தளைத் தாலியக் கட்டிக்கொண்டு கன பேர் ஏமாத்துறாங்களாம். பித்தளையெண்டாக் கலியாணமும் பொய் எண்டு ஏத்திக்கொண்டு போயிருவாங்களாம்." பிறகு சிரித்தாள். "எனக்கென்ன பயம். எங்கட தொப்பி மாமா அசல் தங்கமெல்லோ."

அசல், நான் இருந்த இடத்திலிருந்து கைக்கெட்டும் அலுமாரிக்குள் இருந்தது. மற்ற ஆறோடு சேர்ந்து பட்டுத்துணியில் இருந்தது. முதன்முறையாக ஏழும் ஒரே வரிசையில் இருந்த காலம் அது. நான் எழுந்து அவளுக்கு ஒரு சோடாப் போத்தல் உடைத்துக் கொடுத்தேன். பாதையை விட்டுவிடாதே என்று சொல்லி பஸ்ஸில் ஏற்றிவிட்டேன்.

அடுத்த முறை ஆள்பிடிக்க வந்தவர்கள் சுரண்டிப் பார்த்தார்கள். புளி போட்டு நன்றாகத் தேய்த்திருந்ததால் சுரண்டவும் தேவையிருக்கவில்லை என்று இரத்தினம்மா பிறகு சொன்னாள். கயிற்றை அறுத்து முற்றத்தில் எறிந்துவிட்டுப் பிள்ளையை ஏற்றிக்கொண்டு போனார்கள். நிலோஜன் வாகனத்தின் பின்னால் வரம்பு முடியும் வரைக்கும் ஓடினான். இது அம்மம்மா காலத்துத் தங்கக் காசு, ஊருக்கே தெரியும் என்று இரத்தினம்மா அழுதபோது வந்தவர்களில் ஒருவன் சொன்னானாம்: "அப்ப அந்தத் தங்கக் காசு எங்க? கொண்டு வந்து காட்டுங்க. காட்டினா விடுவம்."

அவள் பித்தளையைக் கையில் பொத்திக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"அண்ணன், உங்கட கையில குடுத்தது தங்கம். இது என்ன?"

எனக்கு யோசிக்க நேரமிருக்கவில்லை. "ஓட்டை போட மஜீதிட்டக் குடுத்தன்" என்றேன். சொன்ன பிறகுதான் எவ்வளவு பொருத்தமாக இருக்கிறதென்று தெரிந்தது.

அவள் ஏறாவூர் போனாள். நானும் கூடவே போனேன். கடைக்கு முன்னால் றோட்டில் குந்தி, இரண்டு கையாலும் மண்ணை அள்ளி அவருடைய கண்ணாடிப் பெட்டியில் வீசினாள். அவர் குடும்பம் விளங்காமல் போக வேண்டும் என்று ஒவ்வொரு பிள்ளையாகச் சொல்லிச் சொல்லி வீசினாள். ஆட்கள் கூடிவிட்டார்கள். தமிழர், முஸ்லிம் இரண்டு இனத்துக்கும் ஆகாத காலம். ஒரு வார்த்தை கூடினால் வேறு மாதிரிப் போயிருக்கும். மஜீத் நானா கீழே கிடந்த பித்தளைக் காசை எடுத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கடைசியில் என் தங்கையிடம் சொன்னார்: "என்ட பிழைதான் மகள். அந்தக் காசு என்ட கையில இப்ப இல்ல. என்ன மன்னிச்சிரு."

அவளை பஸ்ஸில் இருத்திவிட்டு நான் மட்டும் திரும்பிப் போனேன். அவர் மண்ணைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

"ஏன் நானா அப்பிடிச் சொன்னீங்க?"

"அவவுக்குப் புருசன் இல்ல, பிள்ளையும் இல்ல. அண்ணனும் கள்ளனெண்டு தெரிஞ்சா அவ எங்க போவா?" விளக்குமாற்றைக் கீழே வைத்தார். "கண்ணாடிப் பெட்டிக்கு எண்டுதானே சொன்னாய்? இப்பவே அந்தக் காச எடுத்துக்கொண்டு போ. பிள்ளையை மீட்டுக் கொண்டு வா. என்ட பேரு நாறினாலும் நாறட்டும்."

அவர் சொன்னபடி மறுநாளே நாங்கள் அக்கரைக்குப் போனோம். இரத்தினம்மா, நிலோஜன், நான். காட்டுவதற்கு எங்களிடம் ஒன்றும் இருக்கவில்லை. வெறுங்கையோடு திரும்பினோம். மஜீத் நானா கேட்டபோது, காட்டினோம், அவர்கள் ஏற்கவில்லை என்று சொன்னேன். அல்லாஹ்வின் நாட்டம் என்று தலையில் கை வைத்தார். அதற்குப் பிறகு அவர் என்னோடு அதைப் பற்றிப் பேசியதில்லை. என் தங்கை மண் வீசியதை ஊர் மறக்கவில்லை. அவர் கடை படுத்துவிட்டது.

விதுர்ஷாவை வடக்கே கொண்டு போய்விட்டார்கள் என்று கேள்விப்பட்டோம். நிலோஜன் தானாகவே போய் அவர்களோடு சேர்ந்தான். அவளைக் கண்டுபிடிக்க வேறு வழியில்லை என்று சொன்னானாம். இருவரும் திரும்பி வரவில்லை. யுத்தம் முடிந்த வருடம் இரத்தினம்மா வவுனியாவில் முகாம் முகாமாக ஏறி இறங்கினாள். கம்பிக்கு உள்ளே நிற்கிற ஒவ்வொரு முகத்தையும் பார்ப்பாள். நான் குடை பிடித்துக்கொண்டு பின்னால் போவேன்.

அதற்குப் பிறகு ஒருநாள் கல்குடாவிலிருந்து ஒரு பெண் என் கடைக்கு வந்தாள். பெயர் மேனுகா. பிடிபட்ட பிள்ளைகளை அரசாங்கம் வைத்திருந்த புனர்வாழ்வு முகாமிலிருந்து வந்தவள். முன்பற்கள் ஷெல் விழுந்த அன்று போயிருந்தன. அளவெடுக்கும்போது வழக்கம் போல நான் கதைத்துக்கொண்டிருந்தேன். அவளுடைய கண் சுவரில் மாட்டியிருந்த படத்திலேயே இருந்தது. தட்டை வெளியே எடுத்ததும் கேட்டாள்.

"இவ விதுர்ஷாதானே? நீங்கதானா அந்தப் பல்லு மாமா?"

அவள் சொன்னது இதுதான். யுத்தத்தின் கடைசி வருடத்துச் சித்திரையில், கடலோரத்து மணலில், விதுர்ஷா இறந்துபோனாள். மேனுகாவும் வேறு பிள்ளைகளும் சேர்ந்து அவளைப் புதைத்தார்கள். நிலோஜனை அவள் அங்கே ஒருநாளும் காணவில்லை. அவன் வந்திருக்கிறான் என்றுகூட அவளுக்குத் தெரியாது.

"முதல் வருசம் முழுக்க வாசலையே பாத்துக்கொண்டிரிப்பா. யாராச்சும் புதுசா வந்தா ஓடிப் போவா. என்னடி பாக்கிறாய் எண்டு கேட்டா, என்ட மாமா அந்தக் காசக் கண்டுபிடிச்சுக் கொண்டு வருவார், அவருக்குக் காசு விசயத்தில தெரியாதது ஒண்டும் இல்ல எண்டு சொல்லுவா."

மேனுகாவுக்கு நல்ல பல்லாகக் கட்டிக் கொடுத்தேன். ஒன்றும் வாங்கவில்லை. என் தங்கையிடம் இதைச் சொல்ல வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். அவள் மனம் தாங்காது என்றேன். மேனுகா நம்பினாள். அதிலிருந்து இன்று வரைக்கும் இரத்தினம்மாவை நான்தான் ஒவ்வொரு இடமாகக் கூட்டிக்கொண்டு வருகிறேன். பஸ்ஸில் அவள் மகளைப் பற்றித்தான் கதைப்பாள். வந்ததும் நிலோஜனோடு சேர்த்து வைக்க வேண்டும், வயலைப் பேரில் எழுத வேண்டும் என்பாள். நான் ஓம் என்பேன். இன்று காலை உங்களிடம் சொன்னாளே, எனக்கு மிச்சமிருக்கிறது அண்ணன் மட்டும்தான் என்று. நீங்கள் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினீர்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு இடத்தைத் திருத்த வேண்டும். அக்கரைக்குப் போன அன்று காட்டுவதற்கு எங்களிடம் ஒன்றும் இருக்கவில்லை என்றேன். அது இரத்தினம்மாவுக்கும் நிலோஜனுக்கும் மட்டும் பொருந்தும். காசு என் சட்டைப் பையில், பஞ்சில் சுற்றி, முகம் துடைக்கிற லேஞ்சிக்கு அடியில் இருந்தது.

அங்கே பொறுப்பாக இருந்தவன் இளைஞன். மரியாதையாகப் பேசினான். கதிரை போட்டு எங்களை இருத்தினான். ஒரு கன்னம் வீங்கியிருந்தது. என்ன தொழில் என்று கேட்டான். பல் கட்டுகிறேன் என்றேன். தன் கடைவாய்ப் பல்லைப் பற்றிக் கேட்டான். கராம்பை நசித்து வைக்கச் சொன்னேன், கட்டாயம் ஒரு டாக்குத்தரிடம் காட்டச் சொன்னேன். அவனுக்கு என்னில் ஒரு பிடிப்பு வந்துவிட்டது. "ஐயா, எனக்கும் தங்கச்சி இரிக்கா. கட்டினது அசல் தாலியெண்டா, அந்தக் காச இப்ப காட்டுங்க. இந்த நிமிசமே கூட்டிக்கொண்டு போங்க" என்றான்.

அவனுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தது. வெளியே மரத்தடியில் விதுர்ஷா நின்றாள். தலைமயிரை வெட்டியிருந்தார்கள். என்னைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது. தாயைப் பார்க்கவில்லை, புருசனைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

கை பைக்குள் போனது. பஞ்சு விரலில் பட்டது. எடுத்தால் அவன் வாங்கிப் பார்ப்பான். கத்தியால் சுரண்டுவான். தங்கமென்று கண்டால் மேலிடத்துக்கு அனுப்பினாலும் அனுப்புவான். எடுத்தால் தங்கை கேட்பாள், அண்ணன் இது உங்களிடம் எப்படி வந்தது என்று. நான் லேஞ்சியை மட்டும் வெளியே எடுத்து முகத்தைத் துடைத்தேன். அவன் கொஞ்ச நேரம் காத்திருந்தான். பிறகு எழுந்துவிட்டான். ஜன்னலுக்கு வெளியே அவள் இன்னும் சிரித்துக்கொண்டுதான் நின்றாள்.

இவ்வளவுதான், ஐயா. அந்தப் பிள்ளையைப் பிடித்தவர்கள் வேறு ஆட்கள். கொடுத்தவன் நான். அவள் இறந்ததும் எனக்குத் தெரியும். இரத்தினம்மாவை உள்ளே கூப்பிட்டு நீங்களே சொல்லிவிடுங்கள். மஜீத் நானாவை அழைக்கத் தேவையில்லை என்பதையும் சொல்லுங்கள். நான் இங்கேயே இருக்கிறேன். ஒன்றை மட்டும் அவளிடம் சொல்ல முடியுமானால் சொல்லுங்கள். பெற்ற பிள்ளையைப் போலத்தான் விதுர்ஷாவை நான் நேசித்தேன். அதில் பொய் இல்லை.

நீங்கள் அந்தக் காசைப் பார்க்க வேண்டும் என்பீர்கள் என்று தெரியும். கொண்டு வந்திருக்கிறேன். இதோ, இந்தப் பஞ்சுக்குள். மெதுவாக, ஐயா. முகத்தில் விரல் படக்கூடாது. விளிம்பில் பிடியுங்கள்.